கலர் படம் பொய் சொல்லுமா?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, லாஸ்பேட்டையில இருக்கற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வஞ்சிரம் வறுவல் வாசனையை நம்பிப் போனவனுக்கு வாசல்லயே பஞ்சாயத்து காத்திருந்தது.

அக்கா பையன் மெக்கானிக்கல் ஃபைனல் இயர். கையில ஒரு ஐ.டி. கம்பெனியோட ஆஃபர் லெட்டர் இருக்கு. பிப்ரவரியில சும்மா எழுதிப் பார்த்த கேட் எக்ஸாமில் சுமாரா ஒரு ஸ்கோரும் வந்திருக்கு. இப்போ துரை என்ன சொல்றாருன்னா, "ஐ.டி. வேணாம். எம்.எஸ். ரிசர்ச் பண்ணப் போறேன், அப்படியே பிஎச்.டி."

மின்துறையில வேலை பார்க்கிற அவங்க அப்பா, படிச்சிட்டிருந்த பேப்பரை நாலா மடிச்சு ஓரமா வெச்சார். "நீங்களே சொல்லுங்க. எனக்கு இன்னும் நாலு வருஷ சர்வீஸ்தான். எஜுகேஷன் லோன் அப்படியே நிக்குது. இவன் இன்னும் ஆறு வருஷம் கம்ப்யூட்டர்ல கலர் கலரா படம் போட்டுக்கிட்டு இருந்தா எப்படி?"

மெக்கானிக்கல், சிவில், ஏரோ பசங்களுக்கு எந்தக் கலர் படம்னு இந்நேரம் புரிஞ்சிருக்கும். மத்தவங்களுக்காக ஒரு வரி. ஒரு பாலமோ, பைக் ஃபிரேமோ, ராக்கெட் மோட்டாரோ, அதைச் செய்யறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டருக்குள்ள செஞ்சு, பாரத்தை ஏத்தி, சூடாக்கி, ஆட்டிப் பார்க்கிற வித்தை. பேரு ஃபைனைட் எலிமென்ட் மெத்தட், செல்லமா எஃப்.இ.எம். ரிசல்ட் வானவில் மாதிரி வரும். நீலம்னா நிம்மதி, சிவப்புன்னா ஆபத்து. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல பாதி இந்தப் படம்தான்.

சரி, இவனுக்கு எங்கேயிருந்து இந்த ஆசை வந்துச்சு? மொட்டை மாடிக்குத் தள்ளிட்டுப் போய் விசாரிச்சேன்.

142, 195, 267...

இவன் டீமோட ப்ராஜெக்ட், 'எல்' வடிவத்துல ஒரு இரும்பு பிராக்கெட். சீனியர் கொடுத்த ஃபைல், காலேஜ் லேப் சாஃப்ட்வேர், யூட்யூப் வீடியோ. மூணையும் கலந்து ரன் பண்ணியாச்சு. உள் மூலையில செக்கச்செவேல்னு ஒரு புள்ளி. அதிகபட்ச அழுத்தம் 142 மெகாபாஸ்கல். இரும்பு தாங்கற அளவு அதைவிட அதிகம். 'டிசைன் இஸ் சேஃப்'னு ஸ்லைடு போட்டு, கடைசியில 'தேங்க் யூ' ஸ்லைடுல ரோஜாப்பூவும் வெச்சாச்சு.

செகண்ட் ரிவ்யூவில் பின் பெஞ்சுல உட்கார்ந்திருந்த ஒரு மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்களாம். "மெஷ்ஷைப் பாதி சைஸுக்குக் குறைச்சா இந்த 142 என்ன ஆகும்?"

நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்திருக்காங்க. "கொஞ்சம் ஆக்யூரேட்டா வரும் மேம்"னு ஒருத்தன் சமாளிச்சிருக்கான். மேடம் சிரிச்சுட்டு மார்க் போட்டுட்டாங்க. நல்ல மார்க்தான்.

மத்த மூணு பேரும் பிரியாணி சாப்பிடப் போயிட்டாங்க. இவனுக்கு மட்டும் உறுத்தல். ராத்திரி உட்கார்ந்து பாதியாக்கி ஓட்டினான். 195. இன்னும் பாதி. 267. இன்னும் பாதி. 360-ஐத் தாண்டிடுச்சு. "மாமா, அது நிக்கவே இல்ல. எவ்வளவு குறைச்சாலும் ஏறிக்கிட்டே போகுது. அப்போ நாங்க போட்ட 142 எதுக்குமே அர்த்தம் இல்ல!"

பையன் கண்டுபிடிச்சது புதுசு ஒண்ணும் இல்லை. இந்தத் துறையில எல்லாரும் ஒரு தடவை முட்டிக்கிற சுவர்தான் இது. உள்பக்கமா மடியற கூர்மையான மூலையில, கணக்குப்படி அழுத்தம் முடிவிலி. மெஷ் எவ்வளவு சின்னதோ, நம்பர் அவ்வளவு பெருசு. ஆனா நிஜ பிராக்கெட்ல அப்படி ஒரு கத்தி மூலையே கிடையாது. பட்டறையில செய்யும்போது அந்த இடத்துல சின்னதா ஒரு வளைவு இருக்கும். வரையறப்போ சோம்பேறித்தனத்துல அந்த வளைவை விட்டுட்டாங்க. அதைச் சேர்த்து வரைஞ்சு, மறுபடி மெஷ்ஷைக் குறைச்சுக் குறைச்சு ஓட்டினா நம்பர் ஒரு இடத்துல வந்து நிக்குது. அப்படி நிக்கறதைத்தான் கன்வர்ஜென்ஸ்னு சொல்றாங்க. இதைக் கண்டுபிடிக்க அவனுக்கு மூணு ராத்திரி ஆச்சாம்.

அந்த மூணு ராத்திரியைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். ஆஃபர் லெட்டர் வந்த அன்னிக்குக்கூட அப்படி ஒரு வெளிச்சம் இல்லை.

வலைக்கண்ணும் மெஷ்ஷும்

கீழே வந்து அவங்க அப்பாவுக்குப் புரிய வைக்கணுமே! அவர் சின்ன வயசுல வம்பாகீரப்பாளையத்துல வளர்ந்தவர். அதனால வலையிலிருந்தே ஆரம்பிச்சேன்.

"நெத்திலி பிடிக்கற வலைக்கும் வஞ்சிரம் பிடிக்கற வலைக்கும் என்ன வித்தியாசம்?"

"கண்ணு. நெத்திலிக்குச் சின்னக் கண்ணு."

"வஞ்சிர வலையை வீசிட்டு, இந்தக் கடல்ல நெத்திலியே இல்லன்னு ஒருத்தன் சொன்னா?"

சிரிச்சுட்டார். அவ்வளவுதான் விஷயம். இங்கிலீஷ்ல மெஷ்னாலும் வலைதான். ஒரு பொருளைக் கம்ப்யூட்டருக்குள்ள சின்னச் சின்ன முக்கோணமா, கட்டமா, கட்டியா வெட்டறோம். ஒவ்வொரு துண்டுக்கும் சுலபமான ஒரு சமன்பாடு. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் சேர்ற முனையில ரெண்டும் ஒத்துப்போகணும்னு நிபந்தனை. ஆயிரம் துண்டுன்னா ஆயிரக்கணக்கான சமன்பாடு, கோடித் துண்டுன்னா கோடிக்கணக்கில். மனுஷன் கையால முடியாது, கம்ப்யூட்டர் தீர்க்கும். ஆனா எந்த இடத்துல வலைக்கண்ணு பெருசா இருக்கோ, அந்த இடத்துச் சின்ன மீன் தப்பிச்சுடும். கம்ப்யூட்டர் 'எரர்'னு கத்தாது. அழகா ஒரு கலர் படத்தைக் காட்டிட்டு கம்முனு இருக்கும்.

"அப்போ கலர் படம் பொய் சொல்லுமா?"

சொல்லும். சொல்லியிருக்கு. நார்வேயில் ஸ்லெய்ப்னர்-ஏ என்று ஒரு எண்ணெய்த் தளம். அடியில பிரமாண்டமான கான்கிரீட் அறைகள். 1991 ஆகஸ்ட் 23-ஆம் தேதி, ஸ்டாவாங்கர் பக்கத்துல கடல் உள்வாங்கின ஒரு இடத்துல அதைச் சோதனைக்காகத் தண்ணிக்குள்ள இறக்கிட்டிருந்தாங்க. ஒரு அறைச் சுவர் பிளந்தது. தண்ணி புகுந்தது. மொத்தமும் அடியில போய் நொறுங்கிடுச்சு. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. நஷ்டம் சுமார் 70 கோடி டாலர்.

விசாரிச்சுப் பார்த்தா, அறைகள் சேர்ற முக்கோண மூலையில மெஷ் ரொம்ப முரடா இருந்திருக்கு. அங்கே வெட்டு விசையை சாஃப்ட்வேர் 47 சதவீதம் குறைச்சுக் காட்டியிருக்கு. அதை நம்பிச் சுவரை மெலிசா வெச்சுட்டாங்க, கம்பியும் போதலை. பின்னாடி ஒழுங்கா மெஷ் போட்டுப் பார்த்தப்போ, 62 மீட்டர் ஆழத்துல உடையும்னு கணக்கு வந்தது. நிஜத்துல உடைஞ்சது 65 மீட்டர்ல! சாஃப்ட்வேர் நாசா காலத்துல பிறந்த நாஸ்ட்ரான், உலகமே நம்பற சாஃப்ட்வேர். அது தப்புப் பண்ணலை. கேட்டதுக்குப் பதில் சொல்லிச்சு. பின் பெஞ்சு மேடம் கேட்ட கேள்வியை அங்கே யாரும் அழுத்திக் கேட்கலை.

இந்தத் துறையில ஆராய்ச்சின்னா என்னன்னு யாராவது கேட்டா நான் இந்தக் கதையைத்தான் சொல்லுவேன். சாஃப்ட்வேர் ஓட்டறதுக்கு மூணு மாச கோர்ஸ் போதும். சாஃப்ட்வேர் காட்டற படத்தை எந்த அளவுக்கு நம்பலாம், எங்கே நம்பக்கூடாது, நம்ப முடியற மாதிரி புது முறை எப்படிக் கண்டுபிடிக்கறது? இதுக்குத்தான் அஞ்சு வருஷம்.

பிரெஞ்சுக்காரங்க விட்டுப்போன இன்னொண்ணு

நம்ம ஊர்ல பிரெஞ்சுன்னா ஒயிட் டவுன் மஞ்சள் சுவர், சொல்தா தாத்தாவோட பென்ஷன், தலையில கெப்பி வெச்ச போலீஸ். ஃபைனைட் எலிமென்ட்லயும் பிரெஞ்சு வாடை பலமா அடிக்கும், தெரியுமா?

ஆரம்பம் அவங்களோடது இல்லை. 1943-ல் கூரன்ட் என்ற கணித மேதை, முக்கோணங்களா வெட்டிக் கணக்குப் போடற யோசனையை எழுதி வெச்சார். கம்ப்யூட்டர் இல்லாத காலம், அது தூங்கிடுச்சு. 1956-ல் போயிங் விமான இறக்கைக்காக டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப்னு நாலு பேர் தனியா அதே வழிக்கு வந்தாங்க. 1960-ல் கிளஃப்தான் பேர் வெச்சார். இன்ஜினீயர்கள் போட்டுத் தாக்கிட்டிருந்தாங்க. விடை சரியா வருது... ஆனா ஏன் சரியா வருது? எப்போ வராது? இதை நிரூபிக்கற வேலையில முன்னால நின்னவங்க பிரெஞ்சுக் கணிதக்காரங்க. ழாக்-லூயி லியோன்ஸ், அவர் வழியில வந்த பிலிப் சியார்லே போன்றவங்க.

இந்த சியார்லே இந்தியாவுக்கு வந்து பாடம் எடுத்திருக்கார். அந்த லெக்சர்களை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1975-ல் புத்தகமாப் போட்டது. உட்கார்ந்து நோட்ஸ் எடுத்தவங்க மூணு இளைஞர்கள்: எஸ்.கேசவன், அகில் ரஞ்சன், எம்.வன்னிநாதன். உலகம் பூரா பிஎச்.டி. பசங்க புரட்டற சியார்லேயோட பெரிய புத்தகம் 1978-லதான் வந்தது. அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே நம்ம ஊர்ப் பசங்க கையில நோட்ஸ்! கேசவன் அப்புறம் பாரிஸ்ல டாக்டர் பட்டம் வாங்கி, பெங்களூரு டாடா மையத்திலும் பின்னாடி சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலும் வேலை பார்த்தார். லெக்சர் நோட்ஸ் எடுக்கறதைக் கேவலமா நினைக்கிற பிரதர்ஸ் கவனிக்க!

அந்த லியோன்ஸ் பேர்ல பாரிஸ்ல இருக்கற ஆய்வகத்துல பிறந்ததுதான் ஃப்ரீஃபெம் என்கிற இலவச சாஃப்ட்வேர். பிரெஞ்சு மின்சாரக் கம்பெனி இ.டி.எஃப். தன் அணு உலைகளுக்காக எழுதின கோட் ஆஸ்டர், 2001-லிருந்து இலவசம். அதே கம்பெனியோட டெலிமாக், ஆறு, கடல், மணல் நகர்வுக்கானது. அதுவும் 2010-லிருந்து திறந்த சாஃப்ட்வேர். லட்ச ரூபா லைசென்ஸ் இல்லாம, திருட்டு சிடி தேடாம, உங்க லேப்டாப்புல இறக்கிக்கலாம். உள்ளே எழுதியிருக்கறதைத் திறந்தும் படிக்கலாம். ஆராய்ச்சிக்கு வேண்டியது அந்தத் திறந்து படிக்கிற உரிமைதான்.

பிளஸ் டூவில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தவங்க அதைத் தூசு தட்டி வெச்சுக்கங்க. பிரான்ஸ்ல பிஎச்.டி.ன்னா பெரும்பாலும் மூணு வருஷ ஒப்பந்த வேலை. பிடித்தத்துக்கு முன்னாடி மாசம் 2,000 யூரோவுக்கு மேல சம்பளம். கம்பெனி பாதி, ஆய்வகம் பாதின்னு நடக்கற சிஃப்ரே திட்டமும் உண்டு. ஆராய்ச்சிக் கட்டுரை இங்கிலீஷ்லதான் எழுதணும், ஆனா கேன்டீன்ல தனியா சாப்பிடாம இருக்க பிரெஞ்சு வேணும்.

உங்க பீச்சே ஒரு சிமுலேஷன்

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை"ன்னார் அவங்க அப்பா. சரின்னு சாயங்காலம் மூணு பேரும் பீச்சுக்குப் போனோம்.

காந்தி சிலைகிட்ட நின்னா இப்போ மணல் தெரியுது. கொஞ்சம் வயசானவங்களைக் கேளுங்க, நடுவுல ரொம்ப வருஷம் அங்கே வெறும் கருங்கல்தான். 1980-களின் கடைசியில அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள ரெண்டு கல் சுவர் நீட்டினாங்க. நம்ம கரையில மணல் சும்மா கிடக்காது. தென்மேற்குப் பருவத்துல அலை மணலை வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவத்துல தெற்கே. கூட்டிக் கழிச்சா வருஷக் கணக்கு வடக்குப் பக்கம். கல் சுவர் குறுக்கே நின்னதும் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை கரைஞ்சது. டவுனைக் காப்பாத்தப் பாறை கொட்டினாங்க. அரிப்பு அதுக்கும் வடக்கே நகர்ந்தது. வைத்திக்குப்பம், சோலை நகர், இன்னும் மேல பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடின்னு.

பிள்ளைச்சாவடி! 1984-ல் ஆரம்பிச்சு, 2020-ல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமா மாறின நம்ம இன்ஜினீயரிங் காலேஜ் இருக்கற இடமே அதுதானே. கிளாஸ்ல எஃப்.இ.எம். நடக்குது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் குப்பத்துல கடல் வீட்டை அரிக்குது. இதைவிடப் பக்கத்துல ஒரு ரிசர்ச் ப்ராப்ளம் எந்த ஊர் மாணவனுக்குக் கிடைக்கும்?

சென்னையில இருக்கற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இந்தக் கடற்கரையைக் கணினி மாடலில் ஆராய்ஞ்சு, தண்ணிக்கு அடியில அலையை உடைக்கற ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒண்ணை 2018-ல் வடக்குப் பக்கம் இறக்கினாங்க. அப்புறம்தான் மணல் மெல்லத் திரும்பினது. அலை, நீரோட்டம், மணல், மூணும் ஒண்ணை ஒண்ணு இழுக்கும். அலை மணலை நகர்த்தும், நகர்ந்த மணல் அலையோட திசையை மாத்தும். பிராக்கெட் மாதிரி ஒரு தடவை ஓட்டிட்டு 'சேஃப்' போட முடியாது. வருஷக்கணக்கா ஓட்டணும், நிஜமா அளந்த அளவோட ஒத்துப்பார்க்கணும், ஒத்துவராட்டி ஏன்னு தலையைப் பிச்சுக்கணும்.

புயலும் அப்படித்தான். 2011 டிசம்பர் 30-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல். நாம மெழுகுவத்தி வாங்கக் கிளம்பற நேரத்துல, ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ் மையத்துல கடல் எவ்வளவு உயரும்னு கணக்கு ஓடிட்டிருக்கும். அதுக்கு அவங்க பயன்படுத்தற ஆட்சர்க் மாடலும் ஃபைனைட் எலிமென்ட்தான். ஆழ்கடல்ல முக்கோணம் பெருசு பெருசா, கரைகிட்ட வர வரப் பொடிசா. வஞ்சிர வலை, நெத்திலி வலை!

அவங்க அப்பா கொஞ்ச நேரம் பேசாம தெற்குப் பக்கம் பார்த்துட்டிருந்தார். 2022 மார்ச்ல இடிஞ்சு விழுந்த துறைமுகப் பாலத்தோட மிச்சம் அந்தப் பக்கம்தான். சின்ன வயசுல அதுமேலதான் ஓடி விளையாடினாராம். "உப்புக் காத்து இரும்பை எவ்வளவு தின்னும்னு இதுல போட்டுப் பார்க்க முடியுமாடா?"ன்னு பையனைக் கேட்டார். முடியும்ப்பான்னான்.

துட்டு மேட்டர்

இப்போ ஒளிவு மறைவு இல்லாம பேசிடுவோம். கேட் ஸ்கோரோட எம்.டெக்., எம்.எஸ். சேர்ந்தா மாசம் 12,400 ரூபா உதவித்தொகை. ஹாஸ்டல், மெஸ் போக மிச்சம் கொஞ்சம். பிஎச்.டி.க்கு 2023-ல் உயர்த்தின கணக்குப்படி முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் 42,000. சில இடங்கள்ல வீட்டு வாடகைப்படி தனி. ஐ.டி.க்குப் போன ஃப்ரெண்டு அதுக்குள்ள கார் வாங்கி, அதை இன்ஸ்டாவுலயும் போட்டிருப்பான். வயித்தெரிச்சல் படாம இருக்கப் பழகணும், இதுக்கு சிலபஸ் கிடையாது.

முடிக்க நாலிலிருந்து ஆறு வருஷம். அப்புறம் போஸ்ட்-டாக், அதாவது பட்டம் வாங்கின பிறகும் ரெண்டு மூணு வருஷம் ஊர் ஊரா ஒப்பந்த ஆராய்ச்சி. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.யில நிரந்தரப் பேராசிரியர் வேலை எல்லாருக்கும் கிடைக்காது. ஒரு இடத்துக்கு எக்கச்சக்கமான போட்டி. சில தனியார் காலேஜ்ல பிஎச்.டி. முடிச்சவருக்குக் கொடுக்கற சம்பளத்தைக் கேட்டா, கேட்டவனுக்கே வெட்கமா இருக்கும். கைடு யாருங்கறது அஞ்சு வருஷ நிம்மதியைத் தீர்மானிக்கும். காலேஜ் பேரைப் பார்த்துச் சேராதீங்க. அந்த கைடுகிட்ட இப்போ இருக்கற பசங்களை டீக்கடையில பிடிச்சுப் பேசுங்க. எத்தனை வருஷத்துல முடிச்சாங்க, முடிச்சவங்க இப்போ எங்கே இருக்காங்கன்னு மட்டும் கேளுங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. வாத்தியார் வேலை மட்டுமே வழி இல்லை. ஈ.சி.ஆர்.ல சென்னை போகும்போது பாதி தூரம் தாண்டினதும் கல்பாக்கம். அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். அவங்க வடிவமைச்ச 500 மெகாவாட் வேக ஈனுலையோட முக்கியக் கலன் சுமார் 13 மீட்டர் அகலம். சுவரோட கனம் சில சென்டிமீட்டர்தான். உள்ளே ஆயிரம் டன்னுக்கு மேல உருகின சோடியம், சூடு 550 டிகிரி வரை. நிலநடுக்கம் வந்தா இந்த மெல்லிய கலன் கூல்டிரிங்க்ஸ் கேன் மாதிரி நசுங்குமா? இதை நிஜ சைஸுல செஞ்சு உடைச்சுப் பார்க்க முடியாது. அங்கே வருஷக்கணக்கா இந்தக் கேள்வியில உழைச்ச குழுக்கள் உண்டு. செல்லப்பாண்டி போன்றவங்க எழுதின கட்டுரைகளைத் தேடிப் படிங்க. அவங்க பயன்படுத்தின சாஃப்ட்வேர்கள்ல ஒண்ணு காஸ்ட்3எம், பிரெஞ்சு அணுசக்தித் துறையோடது. சுத்திச் சுத்தி அங்கேயே வருது பாருங்க!

தரமணியில சி.எஸ்.ஐ.ஆர். கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இருக்கு. திருவனந்தபுரத்துல இஸ்ரோ பசங்க ஃபீஸ்ட்னு சொந்தமாவே ஒரு ஃபைனைட் எலிமென்ட் சாஃப்ட்வேர் எழுதி வெச்சிருக்காங்க. ஐ.ஐ.டி. மெட்ராஸ் ரிசர்ச் பார்க்ல செயின்ட்-கோபெய்ன் ஆய்வு மையம், செங்கல்பட்டுப் பக்கம் ரெனோ-நிஸானோட டெக்னாலஜி சென்டர். ஏன் இந்த நம்பர் வந்ததுன்னு விளக்கத் தெரிஞ்ச ஆளுக்கு இங்கெல்லாம் தனி மரியாதை. பட்டன் அமுக்கத் தெரிஞ்சவர் ஏற்கெனவே ஆயிரம் பேர் இருக்கார்.

"ஏ.ஐ. வந்து எல்லாத்தையும் முழுங்கிடாதா மாமா?"ன்னு பீச்சுல அவனே கேட்டான். நியாயமான பயம். நியூரல் நெட்வொர்க்குக்கே இயற்பியல் சமன்பாட்டைச் சொல்லிக் கொடுக்கற முறை 2019-லிருந்து சூடு பிடிச்சிருக்கு. மணிக்கணக்குல ஓடற மாடலை நொடியில ஊகிக்கற வேலையும் நடக்குது. ஆனா அந்த ஊகம் சரியான்னு பார்க்க அளவுகோல் வேணுமே? அதுக்குப் பழைய எஃப்.இ.எம்.மோ, லேப்ல செஞ்ச சோதனையோதான் வரணும். மெஷ் போடற, ரிப்போர்ட் அடிக்கற கூலி வேலை போயிடும்னுதான் நானும் நினைக்கறேன். இன்னும் நம்பகமான முகத்தோட பொய் சொல்லத் தெரிஞ்ச ஒரு மெஷின் வந்திருக்கு. பின் பெஞ்சு மேடத்துக்கு வேலை கூடியிருக்குன்னு எனக்குத் தோணுது.

இந்த செமஸ்டர்லயே

உங்களுக்கு இது ஒத்துவருமான்னு தெரிஞ்சுக்க கேட் கோச்சிங்குக்குப் பணம் கட்ட வேண்டாம். ஒரு சாதாரண உத்தரம், ஒரு முனை சுவர்ல, மறுமுனையில பாரம். விடை ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புக்ல இருக்கு. அதைப் பைத்தான்லயோ சைலாப்லயோ நீங்களே எழுதுங்க, ரெடிமேட் சாஃப்ட்வேர் தொடாம. நூறு வரிகூட வராது. முதல் நாள் தப்பா வரும். மூணாவது நாளும் தப்பா வரும். எங்கேயோ ஒரு மைனஸ் போடாம விட்டிருப்பீங்க. அந்த மைனஸைத் தேடற ராத்திரி எரிச்சலா இருந்ததா, இல்ல சாப்பாடு மறந்து போச்சா? அதுதான் டெஸ்ட். என்.பி.டி.இ.எல்.ல இதுக்கு ஐ.ஐ.டி. வாத்தியார்களோட பாடம் இலவசமா கிடைக்குது. கூடவே லீனியர் ஆல்ஜீப்ரா. அரியர் வெச்சிருந்தாலும் பரவாயில்ல, திரும்ப அதைத் தொடுங்க. மொத்தக் கட்டடமும் அது மேலதான் நிக்குது.

சரி, நம்ம பஞ்சாயத்துக்கு வருவோம். அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது ஒரு சமரச ஃபார்முலா வெச்சேன். கேட் ஸ்கோர் மூணு வருஷம் செல்லும். ரெண்டு வருஷம் ஐ.டி.யில இருந்து லோனை அடைச்சுட்டு அப்புறம் போகலாம். இல்லைன்னா, மேல்படிப்பு முடியற வரைக்கும் லோன் தவணையைத் தள்ளி வைக்க முடியுமான்னு பேங்க்ல நேர்ல போய்க் கேட்கலாம். சில பேங்க்ல வழி இருக்கு, ஆனா வட்டி ஏறும். ரெண்டுல எதைத் தேர்ந்தெடுத்தாலும் தப்பில்லைன்னேன். மனசுக்குள்ள எனக்கு ஒரு பயம் உண்டு. ரெண்டு வருஷம் கழிச்சுப் போகறேன்னு சொன்ன எத்தனையோ பேர் போகலை. அதை வெளியில சொல்லலை.

பையன் தட்டையே பார்த்துட்டிருந்தான். அக்கா ரசம் ஊத்தினா. அவங்க அப்பாதான் பேசினார்.

"இன்டர்வியூ என்னிக்குன்னே?"

"அடுத்த மாசம் பன்னெண்டு. காலையில ஒம்போது மணிக்கு அங்க இருக்கணும்."

"ஒம்போதுன்னா, விடிகாலை நாலு மணி ஈ.சி.ஆர். பஸ்ஸைப் பிடிக்கணும். நான் லீவ் சொல்லிடறேன். உள்ள பேசறப்போ அந்த 142 கதையைச் சொல்லு."